எந்த வகுப்பில் உட்காருவான் நம் பிள்ளை?

2026 ஜனவரியில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தபோது, பாட்டி ஒருவர் நம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்: “எம் பேரன் சிங்கப்பூர்ல பெயிலாயிட்டானா? இங்க நாலாவது படிச்ச புள்ளைய அங்க மூணாவதுல ஒக்கார வெச்சிட்டாங்களாம். இதுவரைக்கும் ஒரு பரீட்சையிலகூட அவன் தோத்தது கெடையாதே!”

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் பொறியாளராகச் சிங்கப்பூரில் பணிசெய்கிறார். பல ஆண்டுகள் தனியாக இருந்துவிட்டு, இப்போதுதான் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறார். பிள்ளை நுழைவுத் தேர்வு எழுதினான், இடமும் கிடைத்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஊரில் அது “ஒரு வகுப்பு இறக்கிவிட்டார்கள்” என்றே பரவிவிட்டது. பாட்டிக்குத் தூக்கமில்லை.

பேரன் தோற்கவில்லை என்று அவருக்குச் சொன்னோம். ஆனால் ஏன் என்று விளக்கத் தொடங்கியபோதுதான், இது ஒரு பாட்டியின் கவலை மட்டும் அல்ல, நம் தஞ்சைத் தரணியில் வீட்டுக்கு வீடு எழுந்துகொண்டிருக்கும் கேள்வி என்பதை உணர்ந்தோம். இவ்வாரம் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

கடல் கடந்து போவது நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறிப் பினாங்கும் சிங்கப்பூரும் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். அன்று பெரும்பாலும் ஆண்கள் போனார்கள், பிள்ளைகள் ஊரில் வளர்ந்தார்கள். இன்றும் பாதிக்கதை அப்படியேதான் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் ‘வொர்க் பெர்மிட்’ என்ற அனுமதியில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவே முடியாது. அதற்கு மேற்பட்ட அனுமதி உள்ளவருக்கும் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருந்தால்தான் மனைவி மக்களுக்கு அனுமதி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹாம் சம்பளமோ, 3,000 திர்ஹாமும் தங்குமிடமுமோ வேண்டும். ஆகவே எந்த வகுப்பில் பிள்ளை உட்காருவான் என்ற கவலையே ஓரளவு மேலேறி வந்தவர்களின் கவலைதான். மற்ற வீடுகளில் பிள்ளை அப்பாயியோடு ஊரில் உட்கார்ந்திருக்கிறான். அந்த வீடுகளை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது.

சரி, பேரனின் கணக்குக்கு வருவோம். அவன் பிறந்தது 2017 மார்ச் 10. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தால் முதல் வகுப்பு. ஆகவே 2022 ஜூனில் சேர்ந்தான், 2025 ஜூனில் நான்காம் வகுப்புக்கு வந்தான். சிங்கப்பூரிலோ ஒரு பிள்ளைக்கு ஏழு வயது நிறையும் ஆண்டின் ஜனவரியில்தான் தொடக்கநிலை ஒன்று. அந்த வழியில் பார்த்தால் இவன் 2024 ஜனவரியில் பள்ளியில் நுழைந்திருப்பான், 2026 ஜனவரியில் மூன்றாம் வகுப்புக்கு வந்திருப்பான். அவன் வயதுப் பிள்ளைகள் அனைவரும் அங்கே மூன்றில்தான் இருக்கிறார்கள். தஞ்சையில் அரையாண்டுத் தேர்வு எழுதிவிட்டு நான்காம் வகுப்பின் பாதியில் விமானம் ஏறியவன், அங்கே மூன்றாம் வகுப்பின் முதல் நாளில் இறங்குகிறான். இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, இரண்டு நாட்காட்டிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இதே பிள்ளை இங்கிலாந்துக்குப் போயிருந்தால்? அங்கே செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரு வகுப்பு. ஐந்து வயது முடிந்த செப்டம்பரில் ‘இயர் 1’. ஆகவே அவன் 2026 ஜனவரியில் ‘இயர் 4’இல் இருப்பான், அதாவது நம் ஊர்க் கணக்கே. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பிறந்த ஆண்டுதான் கணக்கு, ஆறு வயதாகும் ஆண்டின் செப்டம்பரில் முதல் வகுப்பு. அங்கே இவன் மூன்றாம் வகுப்பு. அமீரகத்தில் ஏப்ரலில் திறக்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் மார்ச் 31க்குள் ஆறு நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அங்கேயே தொடங்கியிருந்தால் அங்கும் மூன்று. அவ்வளவு தூரம் ஏன்? தஞ்சாவூரிலேயே உள்ள கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதல் முதல் வகுப்புக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். அதன்படி அவன் 2023இல்தான் ஒன்றாம் வகுப்பில் நுழைந்திருக்க முடியும். ஒரே பிள்ளை, ஒரே மூளை. மதில் ஒன்றைத் தாண்டினால் வேறு வகுப்பு!

ஆகவே “இறக்கிவிட்டார்கள்” என்று பேசுவதை விட்டுவிடுவது நல்லது. பெரியவர்கள் சொல்லும் அந்த ஒரு சொல்லைத்தான் பிள்ளை பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டு போகிறது.

இருந்தாலும் பெற்றோரின் படபடப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வயதை வைத்து வகுப்பில் அமர்த்துவதற்குக் காரணம் உண்டு. ஒத்த வயதினரோடு இருக்கும் பிள்ளை சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது, மொழியையும் விளையாட்டிலேயே கற்றுக்கொள்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையை ஒன்பது வயதினர் நடுவே உட்கார வைத்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று அம்மாக்களுக்குத் தெரியும். பிரான்சில் பிரெஞ்சு தெரியாமல் வந்திறங்கும் பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே பதிவு செய்து, நாளின் ஒரு பகுதியில் தனியாகப் பிரெஞ்சு கற்பிக்கிறார்கள். 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்த காரைக்கால் குடும்பங்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இப்படிப்பட்ட புதிய வகுப்பறையின் முதல் நாள் நினைவிருக்கும். இந்த முறை நமக்குச் சரியென்றே படுகிறது. மாறாக, மொழி தெரியவில்லை என்பதற்காக அறிவு குறைவு என்று முடிவுகட்டி இரண்டு, மூன்று வகுப்புகள் பின்தள்ளினால், அங்கே பெற்றோர் தயங்காமல் எழுந்து பேச வேண்டும். ஒரு வகுப்பு வித்தியாசம் நாட்காட்டியால் வருவது. மூன்று வகுப்பு வித்தியாசத்துக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கல். வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முதல் சேர வேண்டுமானால் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும் அந்தத் தேர்வை அங்கேயே போய்த்தான் எழுத வேண்டும். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை. தொடக்கநிலை ஆறில் அவர்கள் புதிதாகச் சேர்ப்பதே இல்லை, ஏனெனில் அந்த ஆண்டின் இறுதியில் தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு வந்துவிடும். நம்மவர்கள் பலர் இது தெரியாமல், இங்கே முழு ஆண்டுத் தேர்வை ஏப்ரலில் முடித்துவிட்டு மே மாதம் போய் இறங்குகிறார்கள். அங்கே அது பள்ளி ஆண்டின் நடுப்பகுதி. அரசுப் பள்ளிக்கு அடுத்த ஜனவரிவரை காத்திருப்பு, இல்லையேல் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளி. ஆக, சம்பா அறுத்துப் பொங்கல் வைத்துவிட்டுப் போகும் குடும்பத்துக்குச் சிங்கப்பூர் நாட்காட்டி ஓரளவு பொருந்துகிறது, மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டிக் கிளம்புபவருக்குப் பொருந்துவதில்லை. முகவர்கள் விமானச் சீட்டைப் பற்றிச் சொல்வார்கள். பள்ளி எப்போது திறக்கிறது என்று சொல்லமாட்டார்கள்.

நாம் கண்ட இன்னொரு வேதனை, பிறந்த தேதி. தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. தொட்ட பிள்ளைக்குத் தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். மே மாதத்திலும் ஜூன் முதல் தேதியிலும் நம் ஊரில் எத்தனை பேர் ‘பிறந்திருக்கிறார்கள்’ என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்தத் தலைமுறைக்கு அது ஓய்வூதியக் கணக்கோடு முடிந்துபோனது. ஆனால் பிள்ளையை ஒரு வருடம் முன்னதாகச் சேர்க்கத் தேதியை மாற்றும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. விளைவு? ஆலயத்துத் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு தேதி, பள்ளியில் ஒரு தேதி, கடவுச்சீட்டில் ஒரு தேதி.

வயதை வைத்து வகுப்பைத் தீர்மானிக்கும் நாட்டுக்குப் போகும்போது இந்தச் சிறு பொய் பெரிதாக வந்து நிற்கிறது. ஐந்து மாதம் கூட்டி எழுதப்பட்ட பிள்ளை, தன்னைவிட மூத்தவர்களோடு ஓட வேண்டியிருக்கிறது. திருத்தலாம் என்றால், எந்தத் தாளை வைத்துத் திருத்துவது? 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டு வாங்க, பிறந்த தேதிக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும் என்று 2025இல் விதி வந்துவிட்டது. இனிவரும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் குறையலாம். இப்போது பள்ளியில் இருப்பவர்களுக்கு இல்லை.

திருமுழுக்குச் சான்றிதழ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் ஏராளம். அவற்றில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு, அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். சில இடங்களில் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பதுண்டு. ஒண்டாரியோவிலும் அரசு நிதியில் கத்தோலிக்கப் பள்ளிகள் உள்ளன. தொடக்க வகுப்பில் சேர, பிள்ளையுடையதோ பெற்றோருடையதோ திருமுழுக்குச் சான்று வேண்டும். நம் பங்குகளிலிருந்து செவிலியராக இங்கிலாந்து போன சகோதரிகள், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இரவோடிரவாக வாட்ஸ்அப்பில் பங்கு அலுவலகத்தைத் தேடுகிறார்கள். பதிவேட்டில் பெயர் ‘ஆரோக்கிய’ என்று தொடங்கும், கடவுச்சீட்டில் அந்தப் பாதி இருக்காது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னரே பங்கு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விட்டால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

இதுவரை பேசியது சிறு பிள்ளைகளைப் பற்றி. எட்டாவது வரை ஒரு வகுப்பு முன்பின்னாக இருப்பது காலப்போக்கில் கரைந்துவிடும். ஒன்பதுக்கு மேல் அப்படியல்ல. சி.பி.எஸ்.இ. வாரியம் ஒன்பதிலும் பதினொன்றிலும் மாணவர்களின் பெயரைப் பதிவுசெய்கிறது. பத்துக்கோ பன்னிரண்டுக்கோ நேரே வந்து சேர்வது, பெற்றோரின் இடமாற்றம் போன்ற காரணங்களுக்காகத் தாள்களோடு போராடித்தான் நடக்கும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பது முடித்த பிள்ளை வளைகுடாவில் பத்தாம் வகுப்புக்குப் போனால், இடம் கிடைத்தாலும் பாடம் வேறு, மொழிப்பாடம் வேறு, ஓராண்டில் வாரியத் தேர்வு. இதை நாம் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைக்கமாட்டோம். ஒரு தந்தை நம்மிடம் சொன்னார்: “பத்து வருசம் பிரிஞ்சு இருந்தாச்சு, இன்னும் ரெண்டு வருசம்னு சொல்ல வாய் வரல ஃபாதர்.” அவர் பக்கத்தில் நின்ற பங்குத்தந்தையும் பதில் சொல்லவில்லை. அந்த மனிதரின் வலி நமக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகள் பிள்ளையுடையவை.

திரும்பி வருகிறவர்களின் கதை இன்னும் கடினம். 2020இல் கொரோனாவின்போது வேலையிழந்து வளைகுடாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திறங்கினார்கள். மறுபடி போகாதவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடமாகி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எட்டியது. மாநிலத்தில் தமிழ் படிக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை, அது நம் மொழி. ஆனால் துபாயில் இந்தியும் அரபியும் படித்து, ஒன்பதாம் வகுப்பில் மன்னார்குடிக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கு ‘அ, ஆ’விலிருந்து செய்யுள்வரை இரண்டே ஆண்டுகள். வேற்று நாட்டில் பிரெஞ்சு தெரியாத நம் பிள்ளைக்குத் தனி வகுப்பு நடத்துகிறார்கள். நம் நாட்டில் தமிழெழுத்துத் தெரியாத நம் பிள்ளைக்கு யார் நடத்துவது? மாலையில் பூட்டிக்கிடக்கும் மறைக்கல்வி அறைகள் நம்மிடம் இருக்கின்றன, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் அன்பியங்களில் இருக்கிறார்கள்.

திரும்பி வருபவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது, ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் தருகிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ மறுக்க முடியாது. அதேபோல் வெளிநாடு கிளம்பும்போது மாற்றுச் சான்றிதழை முறையாக வாங்கி, ‘எமிஸ்’ தளத்தில் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்கு மாற்றப்பட்டுவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது பழைய பள்ளியிலேயே தங்கிவிட்டால், திரும்பி வரும்போது புதிய பள்ளி பெயரை ஏற்றிக்கொள்ளத் திண்டாடும்.

இந்த அலசலில் ஈழத்துப் பிள்ளைகளை விட்டுவிட மனம் வரவில்லை. திருச்சி கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் உள்ள முகாம்களில் பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, ஒருநாள் பெற்றோரோடு யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ திரும்பும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அது ‘சொந்த நாடு’, ஆனால் பார்த்திராத நாடு. பாடமொழி தமிழ்தான், எனினும் பள்ளிக்கூட ஏணி வேறு. இங்கே பத்தாவதில் பொதுத்தேர்வு, அங்கே தரம் பதினொன்றின் முடிவில் சாதாரண தரத் தேர்வு. அதன்பின் உயர்தரம், தரம் பதின்மூன்று வரை. சிங்களம் இரண்டாம் மொழி. சமயமும் அங்கே கட்டாயத் தேர்வுப் பாடம், கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் மறையைத் தேர்வாக எழுதுகிறார்கள். நம் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு போகிற பிள்ளை சாதாரண தரத்தைப் புதிதாக எழுத வேண்டிவந்தால், ஒன்றிரண்டு ஆண்டுகள் போய்விடும். அதற்கும் முன், இங்கே பிறந்ததற்கான தாளைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் வழியாகப் பதிவுசெய்திருக்க வேண்டும். 1983 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேலாக நம்மோடிருக்கும் மக்கள் இவர்கள். 2017ஆம் ஆண்டுக்கான உலகப் புலம்பெயர்ந்தோர் நாளுக்கு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தேர்ந்துகொண்ட கருப்பொருள், குரலற்ற குழந்தைப் புலம்பெயர்ந்தோர் என்பது. அவரது செய்தியை நம் ஆலயங்களிலும் வாசித்தோம். முகாம் பிள்ளைகள் அப்போது நம் நினைவுக்கு வந்தார்களா தெரியவில்லை.

இன்னும் ஒன்று. சில ஆண்டுகளாக நம் வயல்களில் நடவு நடுவதற்கே மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நடவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். செங்கற் சூளைக்கும் கட்டுமானத்துக்கும் வரும் வடமாநிலத்தவரில் குடும்பத்தோடு வருபவரும் உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளை, ஒரு எழுத்தும் தமிழ் தெரியாது. அதை எந்த வகுப்பில் உட்கார வைக்கிறோம்? சட்டம் வயதுக்கேற்ற வகுப்பு என்கிறது. நடைமுறையில் பல இடங்களில் அந்தப் பிள்ளை சூளை ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஒன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில். சிங்கப்பூர்த் தலைமையாசிரியர் நம் பேரனை எப்படி நடத்தினார் என்று கேட்டுத் துடிக்கிறோம், தவறில்லை. பிள்ளைகள் இல்லாமல் வகுப்புகளை மூடிக்கொண்டிருக்கும் நம் ஊர்ப்புறப் பள்ளிகளின் தாளாளர்கள் சூளைவரை ஒருமுறை நடந்துபோய்ப் பார்க்கலாம்.

பாட்டியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. “பேரன் அவன் வயசுப் பிள்ளைகளோடதான் இருக்கான், கவலைப்படாதீங்க” என்றோம். முகம் தெளிந்தது. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த சிறுவனை முன்னே தள்ளினார். மகள் வயிற்றுப் பேரனாம், தந்தை துபாயில். 2021 ஏப்ரல் 20இல் பிறந்தவன். வருகிற ஏப்ரலில் ஐந்து நிறைகிறது, ஜூனில் ஒன்றாவதில் சேர்த்துவிடலாம். அடுத்த ஆண்டு, அதாவது 2027 ஏப்ரலில், தந்தை அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

விரல்விட்டு எண்ணினோம். 2027 மார்ச் 31க்குள் அவனுக்கு ஆறு நிறையாது, இருபது நாள் குறைகிறது. இங்கே ஒன்றாவது முடித்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு அங்கே ஒன்றாவதில் புதிதாகச் சேரவே வயது போதாது, கே.ஜி. வகுப்புதான். மாற்றுச் சான்றிதழோடு வருபவர்களுக்கு முடித்த வகுப்பையும் பார்ப்பார்கள்தான், ஆனாலும் அதைப் பள்ளியில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். “இந்த ஜூன்ல சேக்கட்டுமா, ஒரு வருசம் பொறுக்கட்டுமா?” என்றார் பாட்டி. ஒரு வருடம் பொறுப்பதே நல்லது என்று நமக்குத் தோன்றியது, சொன்னோம். பாட்டி தயங்கினார். பெரியவனின் பழைய சீருடையைச் சிறியவனுக்கு ஏற்கெனவே பிடித்துத் தைத்து வைத்துவிட்டாராம்.